மேற்கு சகாரா: பிழையில்லாத தகவல் பக்கம் எழுதுவது எப்படி

ஒரு நாட்டைப் பற்றிய தகவல் பக்கம் என்றால் பரப்பளவு, மக்கள்தொகை, தலைநகர், நாணயம் என்று கட்டங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டே போய்விடலாம். வடமேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கரையில் இருக்கும் மேற்கு சகாரா முன்பு ஸ்பெயினின் கையில் இருந்தது; இன்று மொரோக்கோவும், விடுதலை கேட்கும் போலிசாரியோ முன்னணியும் அதற்கு உரிமை கோருகின்றன. அங்கே இரண்டாவது கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். மக்கள்தொகை என்றால் ஸ்பெயின் 1974-இல் எண்ணியதா, மொரோக்கோ பிறகு எண்ணியதா, அல்ஜீரியாவில் இருக்கும் அகதி முகாம்களையும் சேர்த்தா? மூன்றும் வெவ்வேறு எண்கள். மூன்றையும் கலந்து எழுதிய பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. பாடக்குறிப்பு, போட்டித் தேர்வுக் கையேடு, கலைக்களஞ்சியக் கட்டுரை, செய்தியின் ஓரத்தில் வரும் பெட்டித் தகவல் என எதை எழுதினாலும் இந்த முறை கைகொடுக்கும்.

அடிப்படை விதி ஒன்றுதான். எழுதும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எந்த எல்லைக்குள், யார் எண்ணியது, எந்த ஆண்டு. இந்த மூன்றில் ஒன்று கிடைக்கவில்லை என்றால், அந்த எண் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முதலில் கோட்டைப் போடுங்கள்

எழுத ஆரம்பிக்கும் முன் வரைபடம். வட எல்லை 27 பாகை 40 நிமிட வட அட்சக்கோடு. அட்லாண்டிக் கரையிலிருந்து கிழக்கே 8 பாகை 40 நிமிட மேற்குத் தீர்க்கக்கோடு வரை அது நேராகப் போகும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் முதலில் அல்ஜீரியா, அதன் பிறகு மௌரிட்டேனியா. 26 பாகை அட்சத்தில் மேற்கே திரும்பி, 12 பாகை மேற்குத் தீர்க்கத்தை அடைந்ததும் மறுபடி தெற்கே இறங்கும். கடக ரேகைக்கு அருகில் ஒரு சாய்வு. அதன் பிறகு பெரும்பாலும் 13 பாகைத் தீர்க்கம், கடைசியில் 21 பாகை 20 நிமிட அட்சம். முடிவு கடலோரத்தில் உள்ள பிளாங்கோ முனைத் தீபகற்பத்தில்; அந்தத் தீபகற்பத்தையே கோடு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறது.

அளவுகோல் வைத்ததுபோல் இப்படி இருப்பதற்குக் காரணம், 1900, 1904, 1912 ஆண்டுகளில் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். அந்தச் சாய்வுக்கும் காரணம் இருக்கிறது. இஜில் உப்புப் படுகை தங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டு வாங்கியது.

வரைந்த கோடு சரியா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அல்ஜீரிய எல்லை 27°40′-இல் தொடங்கி ஏறத்தாழ 27°17½′-இல் முடிகிறது. வித்தியாசம் 22½ நிமிடம். அட்சத்தில் ஒரு நிமிடம் 1.85 கி.மீ. பெருக்கினால் 41.6 கி.மீ. அச்சில் வரும் 41, 42 என்ற எண்களோடு இது ஒத்துப்போகிறது. மொரோக்கோ எல்லைக்கும் இதையே செய்யுங்கள். இந்த அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கம் சுமார் 98.6 கி.மீ.; கரையிலிருந்து 8°40′ வரை ஏறக்குறைய நாலரை பாகை; விடை 444 கி.மீ. மௌரிட்டேனிய எல்லை சுமார் 1,560 கி.மீ., கடற்கரை சுமார் 1,110 கி.மீ., பரப்பளவு 2,66,000 சதுர கி.மீ. உங்கள் எண்கள் இவற்றிலிருந்து வெகுதூரம் விலகினால் வேறு ஏதோ ஒரு கோட்டை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

வழக்கமாகத் தவறு நடப்பது தர்ஃபாயாவில். 27°40′-க்கு வடக்கே ட்ரா ஆறு வரை உள்ள பட்டையும் ஸ்பெயின் கையில்தான் இருந்தது. 1958-இல் அதை மொரோக்கோவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆகவே அது சர்ச்சைக்குரிய பகுதியில் சேராது. 301 மெகாவாட் திறனுள்ள தர்ஃபாயா காற்றாலைப் பண்ணையை மேற்கு சகாராவின் கணக்கில் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். புஜ்தூர், ஃபூம் எல் வாத், அஃப்திஸ்ஸாத் காற்றாலைகள் கோட்டுக்கு உள்ளே, தர்ஃபாயா வெளியே.

இரண்டாவது கோடு, மொரோக்கோ 1980 முதல் 1987 வரை கட்டங்கட்டமாக எழுப்பிய மண் அரண். நீளம் சுமார் 2,700 கி.மீ. மேடு, அகழி, ராடார், காவல் நிலைகள், கண்ணிவெடிகள் எல்லாம் சேர்ந்த அமைப்பு அது. மேற்கே உள்ள ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மொரோக்கோவின் கட்டுப்பாட்டில். கிழக்கே மிஞ்சும் பங்கைப் போலிசாரியோ முன்னணி தன்னுடையது என்கிறது. பீர் லஹ்லூ, திஃபாரிட்டி, மிஜெக் எல்லாம் இந்தக் கிழக்குப் பக்கத்தில். அரணைத் தொடர்கோடாகப் போட்டால் வாசிப்பவர் அதை நாட்டெல்லை என்றே எடுத்துக்கொள்வார். புள்ளிக்கோடு போட்டு, விளக்கக் குறிப்பில் ‘மொரோக்கோ எழுப்பிய மண் அரண், 1980–87’ என்று எழுதுங்கள். 27°40′ கோட்டையும் உடைகோடாகப் போடுவதே ஐ.நா. வரைபடங்களின் வழக்கம்.

மொரோக்கோவின் நிர்வாகப் பிரிவுகளை மூன்றாவது படலமாக வைத்துக்கொள்ளுங்கள். பல எண்கள் அந்தப் பிரிவுகளின்படிதான் கிடைக்கும், ஆனால் அவை 27°40′-ஐப் பொருட்படுத்துவதில்லை. லாயூன்–சாகியா எல் ஹம்ரா மண்டலத்துக்குள் தர்ஃபாயா மாகாணமும் வருகிறது. வடக்கே குல்மிம்–வாத் நூன் மண்டலத்தின் அஸ்ஸா–ஸாக் மாகாணம் கோட்டைத் தாண்டி உள்ளே நீள்கிறது. ‘இரண்டு தெற்கு மண்டலங்களைக் கூட்டினால் மேற்கு சகாரா’ என்பது கிட்டத்தட்ட சரி, முழுக்கச் சரியில்லை. கூட்டினால் கூட்டியதாக எழுதிவிடுங்கள்.

நிலம்

இந்தப் பகுதிக்கு நீண்ட விவரிப்பு தேவையில்லை. ஆனால் முகப்புப் படத்தில் கவனம் வேண்டும். உயரமான செம்மணல் குன்றுகளின் படம் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மொரோக்கோவின் தென்கிழக்கில் உள்ள மெர்ஸூகாவாக இருக்கும். மேற்கு சகாராவின் பெரும்பகுதி சரளைக் கல்லும் பாறைத் தட்டுமான சமவெளி. மணல்மேடுகள் உண்டு, ஆனால் அவை மட்டுமே நிலம் அல்ல. எப்போதும் நீர் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சாகியா எல் ஹம்ரா என்பது மழை பெய்தால் மட்டும் ஓடும் வறண்ட ஆற்றுப்படுகை. வடக்குப் பகுதிக்கு அந்தப் பெயரும், தெற்குப் பகுதிக்கு ரியோ தே ஓரோ என்ற பெயரும் ஸ்பானியக் காலத்திலிருந்து வழங்குகின்றன.

‘கடும் வெப்பப் பாலைவனம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். குளிர்ந்த கேனரி நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் கடலோரத்தில் மூடுபனியும் கனத்த பனித்துளியும் சகஜம். அதே குளிர்நீர்தான் ஆழத்திலிருந்து சத்துகளை மேலே கொண்டுவந்து மீன்வளத்தையும் கொடுக்கிறது. இந்தத் தொடர்பை ஒரு வரியில் சொல்லிவிட்டால், பொருளாதாரப் பகுதியில் மீன் ஏன் அவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது வாசிப்பவருக்குத் தானே விளங்கிவிடும்.

மக்கள்: எண்களை அடுக்கும் வரிசை

இங்கே அவசரப்படக் கூடாது. நான்கு எண்களைத் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். ஒன்றோடொன்று கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

முதல் வரி, 1974-இல் ஸ்பெயின் எடுத்த கணக்கு: 73,497 சஹ்ராவிகள். பகுதிக்குள் அப்போது இருந்த உள்ளூர் மக்கள் மட்டும் இதில் அடக்கம்; ஸ்பானியர்கள் சேரவில்லை. வறட்சியாலும் மோதல்களாலும் அதற்கு முன்பே வெளியே போயிருந்த குடும்பங்களும் சேரவில்லை.

இரண்டாவது வரி, சுதந்திரமா மொரோக்கோவுடன் இணைப்பா என்று முடிவுசெய்ய ஐ.நா. திட்டமிட்ட பொதுவாக்கெடுப்புக்கான வாக்காளர் பட்டியல். ஐ.நா.வின் மினுர்சோ குழு 1994-இல் தொடங்கி 1999 முடிவு வரை ஆள் ஆளாகச் சரிபார்த்து, 86,000-க்குச் சற்று அதிகமானோரைத் தகுதியானவர்கள் என்று பட்டியலிட்டது. அதன் மேல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேல்முறையீடுகள் குவிந்தன. வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. இது வயது வந்தவர்களின் பட்டியல் என்பதால் மக்கள்தொகைக் கட்டத்தில் போடக் கூடாது.

மூன்றாவது வரி, மொரோக்கோவின் கணக்கெடுப்பு. 2014-இல் லாயூன்–சாகியா எல் ஹம்ரா மண்டலத்தில் 3,67,758 பேர். டாக்லா–வாத் எத் தஹப் மண்டலத்தில் 1,42,955 பேர். கூட்டினால் 5,10,713. 2024 கணக்கெடுப்பின்படி இரண்டு மண்டலங்களிலும் எண்ணிக்கை மேலும் கூடியிருக்கிறது. எந்த ஆண்டை எடுத்தாலும் இரண்டு மண்டலத்துக்கும் அதே ஆண்டை எடுங்கள்.

நான்காவது வரி, அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே உள்ள அகதி முகாம்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு 1,73,600. இவர்கள் மேற்கு சகாராவின் எல்லைக்கு வெளியே வாழ்கிறார்கள், ஆனால் அந்த மண்ணின் மக்கள். ‘எல்லைக்குள் வசிப்போர்’ என்ற கட்டத்தை மட்டும் வைத்தால் ஒரு மக்கள்கூட்டம் முழுதாகவே பக்கத்திலிருந்து மறைந்துவிடும். அரை நூற்றாண்டாகக் கூடாரத்திலும் மண்வீட்டிலும் வாழ்கிறவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கத் தெரியாத தகவல் பக்கம் அரைகுறைதான்.

இன்னொரு பொறி, முகாம்களின் பெயர்கள். ஐந்து முகாம்களுக்கும் விட்டுவந்த ஊர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: எல் அயூன், ஸ்மாரா, அவ்ஸர்த், புஜ்தூர், டாக்லா. நிர்வாகம் நடப்பது ரபூனியில். ‘டாக்லாவில் உணவுப்பொருள் பங்கீடு குறைந்தது’ என்று ஒரு செய்தி வந்தால் அது பெரும்பாலும் திந்தூஃப் பாலைவனத்து முகாம். ‘டாக்லாவில் கணவாய், ஆக்டோபஸ் ஏலம்’ என்று வந்தால் அது அட்லாண்டிக் கரைத் துறைமுக நகரம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் ‘டாக்லா நகரம்’, ‘டாக்லா முகாம்’ என்று எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

ஊர்ப் பெயர்களுக்கு ஸ்பானிய, பிரெஞ்சு, அரபு வழி எழுத்துகள் இருப்பதால் ஒரே ஊர் அட்டவணையில் இரண்டு தடவை ஏறிவிடும். எல் அயூனும் லாயூனும் ஒரே நகரம். டாக்லாவின் பழைய ஸ்பானியப் பெயர் வில்லா சிஸ்னெரோஸ்.

சஹ்ராவிகள் எத்தனை விழுக்காடு, குடியேறியவர்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்பார்கள். மொரோக்கோவின் கணக்கெடுப்பு இனம் கேட்பதில்லை. பேசும் மொழியைக் கேட்கிறது. சஹ்ராவிகளின் மொழி ஹஸ்ஸானியா அரபு. ஆனால் கோட்டுக்கு வடக்கே தான்தான், குல்மிம் பக்கத்திலும், தெற்கே மௌரிட்டேனியாவின் பெரும்பகுதியிலும் அதே மொழிதான். எனவே ஹஸ்ஸானியா பேசுவோர் எண்ணிக்கையை அப்படியே சஹ்ராவிகளின் எண்ணிக்கையாக மாற்ற முடியாது. ரெகைபாத், உலாத் தெலிம், உலாத் தித்ராரின், அரோசியன், தெக்னா ஆகிய பெருங்குடிகளின் மேய்ச்சல் நிலம் இன்றைய நான்கு ஆட்சி எல்லைகளிலும் பரவிக் கிடந்தது. வாக்காளர் அடையாளப் பணி சிக்கியதும் இதில்தான்: எந்தக் கிளைக் குடியைச் சேர்த்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை.

பொருளாதாரம்

பாஸ்பேட்டில் தொடங்குங்கள், ஆனால் அளவோடு. புக்ரா படிவம் 1947-இல் கண்டறியப்பட்டது. வெட்டி எடுப்பது 1972-இல் தொடங்கியது. சுரங்கத்திலிருந்து எல் அயூனுக்கு அருகே எல் மர்ஸா துறைமுகம் வரை ஏறக்குறைய 100 கி.மீ. நீளக் கன்வேயர் பட்டை ஓடுகிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து எல் அயூனுக்குத் தென்கிழக்கே பாருங்கள். பழுப்புத் தரையின் குறுக்கே நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு தெரியும். கோட்டின் தெற்குப் பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று பட்டையிலிருந்து பறக்கும் பாஸ்பேட் தூளை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் படிய வைக்கிறது. வரைபடத்தில் சுரங்கம், பட்டை, துறைமுகம் மூன்றையும் சரியான இடத்தில் வைக்க இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

‘உலகின் பெரும்பான்மை பாஸ்பேட் மேற்கு சகாராவில்தான்’ என்ற வரி எங்கு பார்த்தாலும் அடித்துவிடுங்கள். உலக இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு என்பது மொரோக்கோவையும் மேற்கு சகாராவையும் சேர்த்துச் சொல்லும் 5,000 கோடி டன் கணக்கு. அதில் மிகப் பெரும்பங்கு மொரோக்கோவின் குரிப்கா முதலிய வயல்களில் இருக்கிறது. புக்ராவின் இருப்பு சுமார் 50 கோடி டன் என்கிறது அதை நடத்தும் மொரோக்கோவின் அரசு பாஸ்பேட் நிறுவனமான ஓசிபி. மொத்தத்தில் 1 விழுக்காடு அளவு. பாஸ்பேட்டுக்காகத்தான் சண்டை என்று ஒரே காரணமாக எழுதுவதும் இந்தக் கணக்கைப் பார்த்தால் நிற்காது. இன்னொரு நுணுக்கம்: 1976-க்குப் பிறகும் ஸ்பெயின் இந்தச் சுரங்கத்தில் 35 விழுக்காடு பங்கு வைத்திருந்தது, முழுப் பங்கும் ஓசிபி கைக்கு வந்தது 2002-இல்.

மீன்பிடிப்பு அன்றாட வாழ்வில் பாஸ்பேட்டைவிட அதிகம் பேருக்கு வேலை தருகிறது. மத்தி, ஆக்டோபஸ் இரண்டும் முக்கியம். டாக்லா நகரமும் எல் மர்ஸாவும் மையங்கள். டாக்லா சுற்றுப்புறத்தில் நிலத்தடி நீரை இறைத்துப் பசுமைக்குடில்களில் தக்காளி, முலாம்பழம் விளைவித்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். மழையே இல்லாத மண்ணில் ஆழ்நீரை நம்பிய பயிர் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘வேளாண்மை வளர்கிறது’ என்று மட்டும் எழுதினால் வாசிப்பவர் மழை நீர்ப்பாசனம் என்று நினைத்துவிடுவார்.

ஏற்றுமதி பற்றி எழுதும்போது சட்ட நிலையைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். 2002-இல் ஐ.நா. சட்ட ஆலோசகர் ஹான்ஸ் கோரெல் எண்ணெய் ஒப்பந்தங்கள் பற்றிக் கொடுத்த கருத்து: வெறும் தேடல் ஒப்பந்தம் சட்டவிரோதம் ஆகாது, ஆனால் அப்பகுதி மக்களின் நலனையும் விருப்பத்தையும் மீறி மேற்கொண்டு தேடினாலோ எடுத்தாலோ அது சர்வதேசச் சட்டக் கொள்கைகளை மீறும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016, 2018 தீர்ப்புகளில் மொரோக்கோவுடனான ஒப்பந்தங்கள் இந்தப் பகுதிக்குத் தானாகப் பொருந்தாது என்றது. 2024 அக்டோபர் 4-இல் மீன்பிடி, வணிக ஒப்பந்தங்களின் நீட்டிப்பு மக்களின் ஒப்புதல் இன்றி நடந்ததாகக் கூறி அந்த முடிவுகளைச் செல்லாது என்றது. ஒரு வருடம் கழித்து, 2025 அக்டோபரில், ஒன்றியமும் மொரோக்கோவும் வணிகத்துக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைத் தற்காலிகமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எனவே ‘நீதிமன்றம் தடை செய்துவிட்டது’, ‘தடை நீங்கிவிட்டது’ என்று ஒரு வரியில் முடிக்காமல் தேதியோடு எழுதுங்கள்.

மொத்த உள்நாட்டு உற்பத்திக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் நேர்மை. சுற்றிக்கொண்டிருக்கும் 90.65 கோடி டாலர், தலைக்கு 2,500 டாலர் என்பவை 2007-ஆம் ஆண்டு மதிப்பீடுகள். ஆண்டைக் கழற்றிவிட்டு இன்றைய எண்போல் இன்னும் பதிகிறார்கள். மொரோக்கோவின் மண்டலக் கணக்கில் டாக்லா மண்டலத்தின் தலா உற்பத்தி நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் நிற்கிறது. அதைப் பார்த்து ‘செழிப்பான மக்கள்’ என்று எழுதாதீர்கள். பெரிய மீன்பிடி வருமானத்தைச் சிறிய மக்கள்தொகையால் வகுத்தால் வரும் விடை அது.

அரசியல் நிலை: எந்தச் சொல்லால் எழுதுவது

‘மொரோக்கோவின் தென் மாகாணங்கள்’ என்பது ஒரு தரப்பின் சொல். ‘ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி’, ‘விடுதலை பெற்ற பகுதி’ மறுதரப்பின் சொற்கள். இவற்றை மேற்கோள் குறியோடும் யாருடையது என்ற குறிப்போடும் மட்டும் பயன்படுத்துங்கள். சொந்தக் குரலில் எழுத இந்த வரி போதும்: ‘மேற்கு சகாரா 1963 முதல் ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் இருக்கிறது. பெரும்பகுதி மொரோக்கோவின் கட்டுப்பாட்டிலும், மண் அரணுக்குக் கிழக்கே உள்ள பகுதி போலிசாரியோவின் பிடியிலும் உள்ளது.’ நிர்வகிக்கும் நாடாக ஐ.நா. பட்டியல் மொரோக்கோவைக் குறிப்பதில்லை. ஸ்பெயின் 1976 பிப்ரவரி 26-இல் தன் பொறுப்பு முடிந்ததாக அறிவித்துவிட்டது.

நாள்வரிசையில் தவறாமல் இருக்க வேண்டியவை: 1973 மே 10 போலிசாரியோ தொடக்கம். 1975 அக்டோபர் 16 சர்வதேச நீதிமன்றக் கருத்து: பழைய விசுவாச உறவுகள் சில இருந்தன, ஆனால் அவை இறையாண்மை ஆகா, மக்களே தங்கள் எதிர்காலத்தை முடிவுசெய்யும் தன்னுரிமைக் கோட்பாட்டை மாற்றா. பலர் இதில் முதல் பாதியையோ இரண்டாம் பாதியையோ மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். நவம்பர் 6 மொரோக்கோவின் பசுமைப் பேரணி (பொதுமக்களைத் திரளாக எல்லைக்குள் அனுப்பியது). நவம்பர் 14 மாட்ரிட் உடன்பாடு: நிர்வாகத்தை மொரோக்கோவிடமும் மௌரிட்டேனியாவிடமும் விட ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. 1976 பிப்ரவரி 27 சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசு அறிவிப்பு. 1979-இல் மௌரிட்டேனியா விலகியது, அதன் பகுதியையும் மொரோக்கோ எடுத்துக்கொண்டது. 1991 செப்டம்பர் 6 போர்நிறுத்தம். 2020 நவம்பர் 13-இல் மௌரிட்டேனிய எல்லையருகே உள்ள கெர்கெராட் சாலையில் நடந்த சம்பவத்துக்குப் பிறகு போலிசாரியோ அதை முடிந்ததாக அறிவித்தது. ‘1991 முதல் அமைதி நிலவுகிறது’ என்ற வரி இன்னும் பல கையேடுகளில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

சஹ்ராவி குடியரசை அங்கீகரித்த நாடுகள் இத்தனை என்று ஒரே எண் எழுத வேண்டாம். அங்கீகரித்த பலர் திரும்பப் பெற்றார்கள், சிலர் நிறுத்திவைத்தார்கள். இந்தியா 1985-இல் அங்கீகரித்து 2000-இல் திரும்பப் பெற்றது. நிச்சயமாக எழுதக்கூடியது: அது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உறுப்பு நாடு, ஐ.நா. உறுப்பினர் அல்ல. ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு 1982-இல் குடியரசைச் சேர்த்தபோது எதிர்த்து 1984-இல் வெளியேறிய மொரோக்கோ 2017-இல் ஒன்றியத்துக்குத் திரும்பியது. மறுபக்கத்தில், 2020 டிசம்பரில் அமெரிக்கா மொரோக்கோவின் இறையாண்மையை ஏற்றது. 2022-இல் ஸ்பெயின், தன் இறையாண்மைக்குள் இப்பகுதிக்குத் தன்னாட்சி தருவதாக மொரோக்கோ முன்வைத்த திட்டத்தை ஆதரித்தது. 2024-இல் பிரான்ஸ் மொரோக்கோவின் இறையாண்மை நிலைப்பாட்டுக்குச் சாய்ந்தது.

சின்னக் கட்டங்கள்

நாணயம்: அரணுக்கு மேற்கே மொரோக்கோ திர்ஹம், முகாம்களில் அல்ஜீரிய தினார். தொலைபேசிக் குறியீடு மேற்கே 212, முகாம்களில் 213. நாட்டுக் குறியீடு இ.எச்.; அதற்கான இணையப் பெயர்வெளி யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. நேரம் இரு பக்கமும் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னே. ரமலான் மாதத்தில் மட்டும் மொரோக்கோ ஒரு மணி பின்னே தள்ளுவதால் அப்போது வித்தியாசம் வரும். தலைநகர் கட்டத்தில் ‘பெரிய நகரம்: எல் அயூன்’ என்று மாற்றி எழுதினால் யாருடைய கோரிக்கைக்கும் முத்திரை குத்தாமல் தகவல் தந்துவிடலாம்.

பக்கத்தை வெளியிட்ட பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். அதற்கு நவம்பர் முதல் வாரம் தோதானது. மினுர்சோவின் பணிக்காலம் வழக்கமாக அக்டோபர் கடைசியில் பாதுகாப்பு அவையில் நீட்டிக்கப்படும், தீர்மானத்தின் வாசகமும் அப்போதுதான் மாறும். 2025 அக்டோபர் 31-இல் வந்த 2797-ஆம் தீர்மானம் மொரோக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக வைத்தது. அதே வேளையில் தன்னுரிமை என்ற சொல்லையும் விடவில்லை. தீர்மானத்தின் மூல வாசகத்தைப் படித்த பிறகே வரியை மாற்றுங்கள், அன்றிரவு வரும் தலைப்புச் செய்திகளை நம்பி அல்ல.